மூன்று கட்டம், நாலாவது வித்தை

டீச்சர், உங்கள் கேள்வியை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். காத்ர் போர்னில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காக அட்டையும் பகடையும் வைத்து ஒரு சண்டை விளையாட்டுச் செய்கிறீர்கள். ஆளுக்கு ஒரு பிராணி, எல்லாம் மொரீசியஸ் பிராணிகள். உயிர் எவ்வளவு, அடி எவ்வளவு என்பதெல்லாம் முடிந்துவிட்டது. பிராணி புதுத் தாக்குதலை எப்படிக் கற்றுக்கொள்வது என்பதில் நின்றுவிட்டீர்கள். பிள்ளைகள் "போக்கிமானில் இருக்கிற மாதிரியே வேண்டும்" என்கிறார்கள். போக்கிமான் என்பது பிராணிகளைப் பிடித்துப் பழக்கிச் சண்டை விடும் வீடியோ விளையாட்டு; நீங்கள் அதை விளையாடியதில்லை. அதில் விதி எப்படி, எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று கேட்கிறீர்கள்.

சரி. நான் ரோஸ் ஹில்லில் வளர்ந்தவன். 1999-இல் ஐரோப்பாவில் வெளிவந்த பிரெஞ்சுப் பதிப்பு, ரெயூனியனிலிருந்து வந்த ஒரு மாமாவின் பையில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதனால் அதில் வரும் பிராணிகளின் பெயர்களெல்லாம் எனக்குப் பிரெஞ்சில்தான் வாயில் வரும்: மாஜிகார்ப், திராகோஃபே, பாப்பிலூசியோன். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும். தாக்குதலை அவர்கள் 'அத்தாக்' என்பார்கள், ஆங்கிலத்தில் 'மூவ்'. தமிழ் வகுப்பு என்பதால் நான் 'வித்தை' என்றே எழுதுகிறேன்.

பிராணி எப்படிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது எப்படி மறக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போக்கிமானில் கற்கும் வழிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன, கூடியிருக்கின்றன, சில காணாமலும் போயிருக்கின்றன. ஒன்று மட்டும் 1996-இல் ஜப்பானில் வந்த முதல் பதிப்பிலிருந்து அப்படியே இருக்கிறது: ஒரு பிராணிக்கு நான்கு வித்தைகள்தான். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராணிகள், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தைகள். ஆனாலும் நான்கு கட்டம்தான். ஐந்தாவது வரும்போது நான்கில் ஒன்று போக வேண்டும், அல்லது வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் சின்னத் திரையில் அந்தக் கேள்வி வந்து நிற்கும் நேரம் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். பிராணி புது வித்தை கற்க விரும்புகிறது, ஆனால் ஏற்கெனவே நான்கு தெரியும், ஒன்றை அழிக்கட்டுமா என்று கேட்கும். அண்ணன் ஒன்றைச் சொல்வான், நான் ஒன்றைச் சொல்வேன், சமையலறையிலிருந்து அம்மா இரண்டு பேரையும் ஏசுவார். சண்டையில் தோற்றதெல்லாம் மறந்துபோயிற்று. எதை அழித்தோம் என்பது இன்னும் நினைவிருக்கிறது. விளையாட்டின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

கட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் செய்தே பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகளோடு காகிதத்தில் இதுபோல ஒன்று ஆடினோம். "கற்றதெல்லாம் கையில் இருக்கட்டும், பாவம்" என்று தாராளமாக விட்டேன். ஆறாவது லெவலில் ஒவ்வொரு அட்டையிலும் ஒன்பது வித்தைகள். பெரியவள் ஒவ்வொரு முறையும் ஒன்பதையும் படித்துப் பார்த்து யோசிப்பாள், நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவோம். சின்னவன் அதற்கு நேர்மாறு. எட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெரிய அடி எதுவோ அதையே அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தான். மறுநாள் மூன்று கட்டம் என்று சட்டம் போட்டேன். அரை மணி நேரம் அழுகை, அப்புறம் மாலை வரை ஒரே ஆட்டம்.

உங்களுக்கும் மூன்று போதும் என்று நினைக்கிறேன். நான்கு என்பது, கணக்கையெல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும் விளையாட்டுக்குச் சரி. காகிதத்தில் பிள்ளைகளே கணக்கு வைக்க வேண்டும். அதோடு போக்கிமானின் இன்னொரு விதியையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வித்தையையும் இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம். சாதாரண மோதலான 'டாக்கிள்' 35 தடவை, நல்ல மின்னடியான 'தண்டர்போல்ட்' 15, பெரிய நெருப்பான 'ஃபயர் பிளாஸ்ட்' 5. எல்லாம் தீர்ந்துபோனால் பிராணி திணறிக்கொண்டே முட்டும். அந்த முட்டலில் அதற்கும் காயம். இந்த எண்ணிக்கை இருப்பதால்தான் சின்ன வித்தைக்கும் கட்டத்தில் ஓர் இடம் கிடைக்கிறது. 35, 15 எல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஒரு சண்டைக்குச் சின்ன வித்தை ஆறு, நடுத்தரம் மூன்று, பெரியது ஒன்று. எண்ணுவதற்குப் புளியங்கொட்டை. வித்தைக்கு எதிரே கொட்டைகளை அடுக்கி வைத்து, அடிக்க அடிக்க எடுத்துவிட வேண்டும். ஒரு பிள்ளையும் ஏமாற்ற முடியாது, எண்ணவும் பழகும்.

இனி கற்கும் வழிகள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

முதல் வழி லெவல். சண்டையில் வென்றால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல், குறிப்பிட்ட லெவலில் குறிப்பிட்ட வித்தை. எந்த லெவலில் எது என்று ஒவ்வொரு பிராணிக்கும் தனிப் பட்டியல் உண்டு. இதன் விலை பொறுமை. பொறுமையின் உச்சம் மாஜிகார்ப் என்ற மீன். அதற்குத் தொடக்கத்தில் தெரிந்தது ஒரே வித்தை, தண்ணீர் தெறிக்கத் துள்ளுவது. யாருக்கும் அடி படாது. முதல் பதிப்பில் 15-ஆம் லெவலில்தான் ஒரு மோதல் கற்கும். அதையும் சகித்து 20-ஆம் லெவல் வரை கொண்டுபோனால் லேவியாத்தோர் என்ற பெரிய பாம்பு மீனாக மாறி எதிரியை மிரட்டும். கதையாக அருமை. ஆனால் உங்கள் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார்கள். வாரம் இரண்டு சண்டை நடந்தாலும் துள்ளுகிற மீனை வைத்திருக்கும் பிள்ளை ஒரு பள்ளித் தவணை முழுக்கத் தோற்றுக்கொண்டிருக்கும். அது பொறுமைப் பாடமாக இருக்காது, அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருவதை நிறுத்துவதாக இருக்கும். பத்து லெவல் வையுங்கள். 2, 4, 7, 10 ஆகியவற்றில் வித்தை வரட்டும். முதலிரண்டும் சீக்கிரம் வர வேண்டும்.

புள்ளிக் கணக்கும் வேண்டாம். போக்கிமானில் 100-ஆம் லெவலைத் தொட ஒரு வகைப் பிராணிக்கு 8,00,000 புள்ளி, இன்னொரு வகைக்கு 10,00,000, மற்றொன்றுக்கு 12,50,000 என்று போகும். கருவிக்கு அது ஒன்றுமில்லை. உங்கள் விளையாட்டில் வென்றால் இரண்டு கோடு, தோற்றால் ஒரு கோடு, நான்கு கோட்டுக்கு ஒரு லெவல். தோற்றவருக்கும் கோடு உண்டு என்பது முக்கியம்.

இன்னொன்று. முதல் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. ஒரே சண்டையில் பிராணி இரண்டு மூன்று லெவல் தாவினால், போய் நின்ற லெவலின் வித்தையை மட்டும் கேட்கும். நடுவில் தாண்டியது போயே போச்சு. நாங்கள் அதைப் பிழை என்று அறியாமல் ஏதோ தண்டனை என்று நினைத்திருந்தோம். உங்கள் விதித்தாளில் "ஒவ்வொரு லெவலாக ஏற வேண்டும், ஒவ்வொன்றிலும் நின்று கேட்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பிள்ளைகள் இந்த மாதிரி ஓட்டைகளைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

உருமாற்றம் இதோடு சேர்ந்து வரும். உங்கள் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதில் எனக்குப் பிடித்த சிக்கல் பிக்காச்சு என்ற மின்னெலியுடையது. இடிக்கல்லைக் காட்டினால் அது உடனே ரைச்சுவாகி உடல் பலம் கூடும். ஆனால் முதல் பதிப்பில் ரைச்சு லெவல் ஏறி ஒரு வித்தையும் கற்காது. பிக்காச்சுவாகவே வைத்திருந்தால் 43-இல் பெரிய இடியைக் கற்கும். பலம் இப்போதே வேண்டுமா, வித்தை பின்னால் வேண்டுமா? இரண்டும் சரியான பதில்தான். உங்கள் விளையாட்டில் உருமாற்றம் வைத்தால் இப்படி ஏதாவது ஒன்றை இழக்க வையுங்கள். இழப்பில்லாத உருமாற்றம் வெறும் பெயர் மாற்றம்.

இரண்டாவது வழி, பிரெஞ்சுப் பதிப்பில் 'சே-தே', ஆங்கிலத்தில் 'டிஎம்'. ஒரு தட்டு மாதிரி பொருள். அதற்குள் ஒரு வித்தை. பிராணியிடம் பயன்படுத்தினால் லெவல் எதுவானாலும் உடனே கற்றுக்கொள்ளும். முதல் பதிப்பில் 50 இருந்தன. நீங்கள் இதை 'ஓலை' என்று வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும். இதன் விலை காசு, அல்லது தேடல். எனக்கு மறக்காத தேடல் ஒன்று: விளையாட்டுக்குள் வரும் செலடன் நகரத்துப் பெரிய கடையின் மொட்டை மாடியில் ஒரு சிறுமி தாகமாக இருக்கிறது என்று நிற்பாள். பக்கத்து இயந்திரத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தால் பனிக்கதிர் வித்தை உள்ள 13-ஆம் தட்டைத் தருவாள். சோடா கொடுத்தால் 48, எலுமிச்சைச் சாறு கொடுத்தால் 49. கடையில் காசுக்கு வாங்கிய தட்டுகளில் ஒன்றின் எண்ணும் எனக்கு நினைவில்லை. இந்த மூன்றும் நினைவிருக்கின்றன. ஓலையைக் கதையோடு கொடுங்கள். "ஷமரேலில் வழி தவறிய தாத்தாவுக்குத் தமிழில் வழி சொல்லு, ஓலை உனக்கு" என்ற மாதிரி.

ஓலை ஒரு தடவைக்கா, எப்போதைக்குமா? இதில் அந்த விளையாட்டைச் செய்தவர்களே முன்னும் பின்னும் போயிருக்கிறார்கள். 2010 வரை ஒரு தட்டு ஒரு தடவைதான். அதனால் எங்களைப் போன்ற கருமிகள் நல்ல தட்டைப் பயன்படுத்தவே மாட்டோம். நிலநடுக்கம் உள்ள 26-ஆம் தட்டு எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. "இன்னும் நல்ல பிராணி வரட்டும்" என்று காத்து, விளையாட்டு முடிந்தபோதும் அது பையிலேயே கிடந்தது. 2010-இல் வந்த பதிப்பிலிருந்து தட்டு தேயாது, எத்தனை பிராணிக்கும் கற்பிக்கலாம் என்றார்கள். 2019-இல் இரண்டையும் கலந்தார்கள்: தேயாதவை 100, ஒரு தடவையோடு உடைபவை 100. 2022-இல் மறுபடி ஒரு தடவைதான், ஆனால் காட்டுப் பிராணிகளிடம் கிடைக்கும் பொருள்களைச் சேர்த்து இயந்திரத்தில் வேண்டிய அளவு புதிதாகச் செய்துகொள்ளலாம். நான்கில் இந்தக் கடைசி ஏற்பாடுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பதுக்கவும் வேண்டாம், அள்ளி வீசவும் முடியாது. உங்கள் வகுப்பில்: ஓலை பயன்படுத்தியதும் கிழியும், ஐந்து புதுத் தமிழ்ச் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதித் தந்தால் அதே ஓலை மறுபடி கிடைக்கும். பொருள் சேர்ப்பதற்குப் பதிலாகச் சொல் சேர்க்கட்டும்.

யார் எந்த ஓலையைக் கற்கலாம் என்பதில்தான் பிள்ளைகள் உங்களை வறுத்தெடுக்கப்போகிறார்கள். போக்கிமானில் இதற்கு ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு நீண்ட அட்டவணை. அந்த அட்டவணை கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகாவிட்டால் மானம் போகும். திராகோஃபே, அதாவது ஆங்கிலத்துச் சாரிசார்டு, பெரிய சிறகுள்ள நெருப்புப் பிராணி. அதன் வகையிலேயே 'பறப்பது' என்று எழுதியிருக்கும். முதல் பதிப்பில் அதற்குப் 'பறத்தல்' கற்பிக்க முடியாது! அண்ணன் எத்தனை தடவை முயன்றான் தெரியுமா. அடுத்து வந்த மஞ்சள் பதிப்பில் திருத்திவிட்டார்கள். உங்களுக்கு அட்டவணை வேண்டாம். அட்டையின் மூலையில் அடையாளம் போடுங்கள்: சிறகு, பல், ஓடு, வால். ஓலையிலும் ஓர் அடையாளம். பொருந்தினால் கற்கலாம், அவ்வளவுதான். படத்தில் சிறகு இருந்தால் அடையாளத்திலும் சிறகு இருக்கட்டும். பென்குயின் கேட்டால் என்ன செய்வது என்று தொடங்குவார்கள். நல்லவேளை, நம் ஊரில் பென்குயின் இல்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து எடுக்க வேண்டாம். 'சே-எஸ்' என்ற தனி வகைத் தட்டுகள் இருந்தன; மரம் வெட்ட, நீந்த, பாறை தள்ள. பாதையைக் கடக்க இவை கட்டாயம் வேண்டும். கற்றுவிட்டால் மறக்கவும் முடியாது. முதல் பதிப்பில் மறக்க வைக்க ஆளே இல்லை. இரண்டாவது தலைமுறைப் பதிப்பில்தான் அதற்கென்று ஒருவர் வந்தார். என் திராகோஃபேக்கு அவசரத்தில் மரம் வெட்டும் வித்தையைக் கற்பித்துவிட்டு, அத்தனை பெரிய நெருப்புப் பிராணி கடைசிச் சண்டை வரை ஒரு கட்டத்தில் கத்தியோடு நின்றதைப் பார்த்து நொந்தவன் நான். பலர் ஒரு பிராணியைச் சுமைகூலி மாதிரி இதற்கென்றே கூட்டிக்கொண்டு அலைவார்கள். 2016-இல் வந்த பதிப்பில் இந்த வகையையே எடுத்துவிட்டார்கள். பயண வேலைக்கும் சண்டை வித்தைக்கும் ஒரே கட்டத்தைக் கேட்பது தப்பு. உங்கள் விளையாட்டில் ஆறு கடக்க வேண்டியிருந்தால் சிறகோ வாலோ அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

மூன்றாவது வழி பரம்பரை. இது 1999-இல் இரண்டாவது தலைமுறைப் பதிப்போடு வந்தது. இரண்டு பிராணிகளைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டால் முட்டை கிடைக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு தாயின் இனம். ஆனால் தந்தைக்குத் தெரிந்த சில வித்தைகள், பெரும்பாலும் அந்த இனத்தால் வேறெப்படியும் கற்க முடியாதவை, பிறக்கும்போதே அதற்கு வந்துவிடும். 2013 முதல் தாயும் தரலாம். எந்த இனத்தோடு எது சேரும் என்பதற்குக் கூட்டங்கள் உண்டு. அதனால் ஒரு வித்தையைத் தூரத்து இனத்திலிருந்து கொண்டுவர நடுவில் இரண்டு மூன்று தலைமுறை கடத்திக் கடத்திக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரு தலைமுறை விட்டுப்போனால் சங்கிலி அறுந்தது, மறுபடி முதலிலிருந்து.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பேச்சுத்தான் ஞாபகம் வரும். கிரியோல்தான் பேசுகிறோம், ஆனால் அடுப்படியில் கொத்தோமிலி, காரிபுலே, முரும், ரசோன். எந்த வகுப்பிலும் கற்றதில்லை. கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கை, ரசம் என்று நான் பின்னால் எழுத்துக்கூட்டிப் படித்தபோது, "இதெல்லாம் என்னிடம் ஏற்கெனவே இருந்ததா" என்று சிரிப்பு வந்தது. இந்த வித்தைகள் எந்த லெவலிலும் வராது, எந்தக் கடையிலும் விற்காது. பிள்ளைகளுக்கு இந்த விதியை விளக்க உங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாட்டி பேர் சொல்லி வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவரச் சொல்லலாம்.

விளையாட்டுக்குள் இதை எளிதாக்குங்கள். முட்டை, கூட்டம் எல்லாம் பத்து வயதுக்கு அதிகம், கேள்விகளும் வேறு பக்கம் போகும். போன வருடம் வகுப்பு முடித்த அண்ணன் அக்காமார் தங்கள் பழைய பிராணியின் ஒரு வித்தையைப் புதுப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம், ஒன்றே ஒன்று. அது 'பரம்பரை வித்தை'. தாங் என்று நாம் சொல்லும், முள்ளெலி மாதிரியான தென்ரெக்குக்கு மட்டும் இரண்டு. ஒரே ஈற்றில் 32 குட்டிகள்வரை போடக்கூடிய பிராணி அது. பரம்பரையில் அதற்கு ஒரு சலுகை வேண்டாமா?

நாலாவது வழி பார்த்துக் கற்பது. போக்கிமானில் கெலோரியோர், ஆங்கிலத்தில் ஸ்மீர்கல், என்று வாலால் வண்ணம் தீட்டும் ஒரு பிராணி. அதற்கு இயல்பாகத் தெரிந்தது 'வரைதல்' ஒன்றுதான். எதிரி கடைசியாகச் செய்த வித்தையை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளும், நிரந்தரமாக. ஆனால் எழுதியதும் வரைதல் போய்விடும். அந்த இடத்தில்தான் புது வித்தை உட்காரும். மறுபடி வரைய 11, 21, 31 என்று பத்துப் பத்து லெவல் காத்திருக்க வேண்டும். எந்த வித்தையையும் கற்கக்கூடிய பிராணி, உடல் பலத்தில் மட்டம். இந்தச் சமநிலை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊரில் இதற்கென்றே பிறந்தது மார்த்தேன், அதாவது மைனா. தோட்டத்தில் மற்ற ஒலிகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் ஒரே ஒரு மைனா அட்டை போதும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று நகல் எடுத்துக்கொண்டே பொழுது போகும்.

அடி வாங்கிக் கற்பது என்று இன்னொன்று, இது வேறு விளையாட்டில். 1992-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி ஐந்தில் 'நீல மந்திரக்காரன்' எதிரியின் சில வித்தைகளைத் தன் மேல் பட்டால்தான் கற்பான். இதை ஆமைக்குக் கொடுங்கள். ஓடு தாங்கும், ஒரே பெரிய அடி ஒரே சண்டையில் இரண்டு முறை பட்டும் பிழைத்தால் அதைக் கற்கலாம். தோற்கத் தோற்கக் கற்கும் பிராணி ஒன்றாவது இருந்தால் கூச்சமுள்ள பிள்ளைகள் அதைத் தேடி எடுப்பார்கள்.

பகடை இருக்கிறதே, எது கிடைக்கும் என்பதைப் பகடையே சொல்லட்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். 2003-இல் வந்த ஷின் மெகாமி டென்செய் என்ற விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் இரண்டு பிராணிகளை இணைத்தால் புதுப் பிராணி. பெற்றோரின் வித்தைகளில் எவை அதற்கு வரும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். ஆடியவர்கள் என்ன செய்தார்கள்? நல்ல சேர்க்கை வரும்வரை திரையைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தார்கள். பின்னாளில் மறுபதிப்புச் செய்தபோது நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அடி படுமா என்பதில் பகடை உருளட்டும். கற்பதில் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்.

இப்போது மறந்ததைத் திரும்பப் பெறுவது. தொடக்கத்தில் மறந்தது மறந்ததுதான். 2002-இல் வந்த மூன்றாவது தலைமுறையில் ஃபாலார்பர் என்ற ஊரில் ஒருவர் இருப்பார்; இதய வடிவச் செதில் ஒன்று கொடுத்தால் பிராணி தன் லெவல் பட்டியலில் மறந்த ஒன்றை நினைவூட்டிவிடுவார். செதில் அபூர்வம். பின்னால் விலை குறைந்துகொண்டே வந்தது. 2019 பதிப்பில் எந்த மருத்துவ நிலையத்திலும் இலவசம், 2022-இல் யாரிடமும் போகவே வேண்டாம், பட்டியலைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். அக்கா மகனுக்கு இதுதான் சரி, "மாமா, தப்பா அழிச்சா முழுக்க முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?" என்று கேட்கிறான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. எங்கள் காலத்துக் கொடுமையை நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனாலும் இலவசமானபின் அழிக்கட்டுமா என்ற கேள்வி வரும்போது அவன் யோசிக்காமல் பொத்தானை அழுத்துவதையும் பார்க்கிறேன்.

ஆகவே நடுவாக ஒன்று: மறந்த வித்தைகள் அட்டையின் பின்பக்கம் 'பழைய ஏடு' என்ற தலைப்பில் எழுதப்படட்டும். ஒரு வகுப்புக்கு ஒரு தடவை, சண்டை தொடங்குவதற்கு முன் மட்டும், ஏட்டிலிருந்து ஒன்றை முன்பக்கம் கொண்டுவரலாம். விலை, அந்த வித்தை எப்படி நடக்கிறது என்று மூன்று வாக்கியம் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓலையில் கற்றதும் பரம்பரையில் வந்ததும் ஏட்டுக்குப் போகட்டுமா என்று கேட்பார்கள். ஓலை போகலாம். பரம்பரை வித்தையை அழித்தால் அது திரும்பாது என்று வையுங்கள். ஒன்றாவது கை நடுங்க வேண்டும்.

ஒரு மாதிரி அட்டை சொல்கிறேன். மொரீசியஸ் வல்லூறு: 1974-இல் காட்டில் நான்கே நான்கு பறவைகள்தான் மிச்சம் என்று அறியப்பட்டிருந்த அதே கெஸ்ட்ரெல். ஊர்ப் பெயர் கோழி தின்னி, ஆனால் முக்கியமான தீனி பல்லி. காட்டு மரங்களுக்கிடையே சட்டென்று திரும்ப வசதியாகச் சிறகு குட்டையாக, வட்டமாக இருக்கும். எனவே தொடக்க வித்தை 'நகக் கீறல்', ஆறு கொட்டை. லெவல் 2-இல் 'மரநிழல் திருப்பம்', எதிரியின் அடுத்த அடி படாது, மூன்று கொட்டை. 4-இல் 'பல்லிப் பிடி', ஓட்டுக்குள் ஒடுங்கியவரைத் தவிர எல்லோர் மேலும் நல்ல அடி. 7-இல் 'செங்குத்துப் பாய்ச்சல்', ஒரே கொட்டை, பட்டால் பெரிய சேதம், படாவிட்டால் தனக்குக் காயம். 7-இல் பிள்ளை எதை அழிக்கும் என்று பாருங்கள். துணிந்தவர்கள் திருப்பத்தை அழிப்பார்கள், அடுத்த சண்டையில் ஆமையிடம் வருந்துவார்கள். 10-க்கு ஒரு வித்தை எழுதாமல் விடுங்கள். அந்தப் பிள்ளையே பெயர் வைத்து, நீங்கள் பலத்தை நிர்ணயிக்கலாம். பழவௌவாலுக்கும் இதே மாதிரி ஒன்று செய்யுங்கள், 'லீச்சி சூறை' என்ற பெயரில் ஒரு வித்தை கட்டாயம் வேண்டும். வலை கட்டிய மரத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

டோடோ கேட்டு அழுவார்கள். கொடுங்கள். லெவலில் எதுவும் கற்காது, சிறகு அடையாளமும் இல்லை. பெரிய அலகும், வயிற்றுக்குள் கல்லும் மட்டும். கல்லைத் துப்புவது என்று ஒரு வித்தை வைத்தால் உயிரியலார் மன்னிப்பார்கள். மற்றபடி ஓலையாலும் பரம்பரையாலும்தான் அதை வளர்க்க முடியும். பொறுமைசாலி எவராவது அதைச் சாம்பியனாக்கிக் காட்டுவார், பாருங்கள்.

கடைசியாக அச்சு விஷயம். வித்தைக் கட்டங்களை அச்சடிக்க வேண்டாம், வெறுமையாக விடுங்கள். பெயரைப் பிள்ளைகளே பென்சிலால் எழுதட்டும். அட்டை கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், நாலைந்து தடவை அழித்தால் கிழியாத அளவுக்கு. நல்ல கோம், அதாவது அழிப்பான், இரண்டு மேசை நடுவில் போட்டு வையுங்கள்.